நூத்துல ஒருத்தர்

இல்ல சிஸ்டர், உக்காரல, நின்னுக்கிட்டே சொல்றேன். உள்ள ஊசி போட இன்னும் எவ்ளோ நேரம்? பத்து நிமிஷமா? போதும்.

முதுகுத்தண்டுல ஊசி குத்தி நீர் எடுக்க ஒருக்களிச்சுப் படுத்திருக்காங்களே, அவங்க என் சித்தி. சார்காய்டோசிஸ். பேரைக் கேட்டா ஏதோ கிரகம் மாதிரி இல்ல? உடம்பைக் காக்கவேண்டிய செல்லுங்களே அங்கங்க கூட்டம் போட்டு முடிச்சு முடிச்சா உக்காந்துக்குமாம். பெரிய டாக்டர் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டுச் சொல்வாரே, இதே குரல்ல: இதோ பாரும்மா, நுரையீரல்னா நூத்துல தொண்ணூறு பேருக்கு. தோலு, கண்ணு, நாலுல ஒருத்தருக்கு. இதயம், மூளை, நரம்பெல்லாம் அஞ்சு, மிஞ்சினா பத்து. குரல்வளை நூத்துக்கு ஒண்ணே ஒண்ணு... ஐயோ சிரிக்காதீங்க, அவருக்குக் கேட்டுடப் போகுது. ஆமா, யார் குரலும் வரும். உங்களோடதும்தான். வேண்டாம், இப்ப வேண்டாம்.

சித்திதான் அந்த நூத்துல ஒண்ணு. குரல் கரகரன்னு ஆயிடுச்சு, தகரத்துல ஆணி இழுத்த மாதிரி. எனக்குக் கொண்டாட்டம். அதே குரல்ல பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டு நாலு தடவை மாடி ஏற வெச்சேன். முதல்ல சித்தியும் சிரிச்சாங்க. அப்புறம் வீட்டுல பேசறதையே குறைச்சுக்கிட்டாங்க. ஏன்னு நான் யோசிக்கவே இல்ல.

போன மாசம் இதய ஸ்கேனுக்கு வரச்சொல்லி நீங்கதானே ஃபோன் பண்ணீங்க? அதான் உங்ககிட்ட வந்தேன். சித்தி அன்னிக்கு வரல. கேட்டா, யாருமே கூப்பிடலைங்கறாங்க. நீங்க, அவங்ககிட்டயேதான் பேசினேன்னு அடிச்சு சொல்றீங்க. டாக்டர் கண்ணாடிய இறக்கினாரு. ஞாபகம் தப்புதுன்னா மூளைக்குப் போயிருக்கலாம், பாத்துடணும்னாரு. தலை ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல, அதனால இந்த ஊசி.

அவங்களுக்கு நூலகத்துல வேலை சிஸ்டர். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில எத்தனாவது தட்டுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வாங்க. ரெண்டு வாரமா பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு, அந்தத் தட்டுங்களை வரிசையா ஒப்பிச்சுப் பாக்கறாங்க. நான் வெளியில நின்னு கேட்டேன். ஒண்ணு கூடத் தப்பல. ஆனாலும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கறாங்க.

சொல்லிடலாம்னு ரெண்டு தடவை கிட்டப் போனேன். டாக்டர் மாதிரி ஏதோ கிண்டலா பேசிட்டுத் திரும்பி வந்துட்டேன்.

மூளைக்கெல்லாம் எதுவும் போகல சிஸ்டர். அன்னிக்கு ஃபோனை எடுத்தது நான். ஹலோன்னேன், அவங்க குரல்ல. பேஷண்ட் நீங்கதானே பேசறதுன்னு கேட்டீங்க. ஆமாம்மா, செவ்வாக்கிழமை ஒன்பது மணி, கண்டிப்பா வந்துடறேன்னேன். வெச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். சிரிச்ச சிரிப்புல சித்திகிட்ட சொல்ல மறந்துட்டேன்.

மறந்தது நான்தான். கதவை... இல்ல, நீங்க தட்டாதீங்க. நானே தட்டறேன்.