ஆறு நிமிட நடை

எனக்கு நடக்கப் பிடிக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. கடைவீதியில் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்க நகராட்சி முடிவு செய்தபோது, மக்களின் ஆட்சேபணைகளுக்குப் பதில் எழுதும் வேலையை என்னிடம் தந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். கார் இல்லாதவனுக்குக் கோபமும் இருக்காது.

மூன்று மாதம் சோதனை. பிறகு பொதுக்கூட்டம். அதில் பெரிய எதிர்ப்பு இல்லையென்றால் நிரந்தரம். கடிதங்கள் நானூறுக்கு மேல் வந்தன. ஏழு பதில்கள் தயாரித்து எண் கொடுத்தேன். கடிதத்தின் மூலையில் பென்சிலால் எண்ணைக் குறித்தால் போதும், டைப்பிஸ்ட் அம்மா மீதியைப் பார்த்துக்கொள்வார். அதிகம் போனது ஐந்தாம் பதில்: ‘ஆற்றோர மைதானத்தில் கட்டணமின்றி நிறுத்தலாம். கடைவீதிக்கு ஆறு நிமிட நடையே.’

அந்த ஆறு நிமிடத்தை அளந்தவன் நான். கடைவீதியிலிருந்து மைதானத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வழி முழுக்க இறக்கம். திரும்பி ஏறும்போது பதினான்கு ஆனது. நடுவில் செருப்பைச் சரிசெய்வதுபோல் ஒருமுறை நின்றேன். செருப்பு சரியாகத்தான் இருந்தது.

“எவ்வளவு ஆச்சு?” என்று மேலதிகாரி கேட்டார்.

“இறங்க ஆறு சார். ஏற...”

“ஆறு. கேக்க நல்லா இருக்கு. அதையே போடுங்க.”

போட்டேன். அளந்த கணக்குத்தானே, பொய் இல்லையே என்று இருந்தேன்.

அதே கடைவீதியில் என் அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். புதுக் கட்டணத்தில் நாள் முழுக்கக் காரை வாசலில் நிறுத்தினால் கடையைத் திறப்பதில் அர்த்தமில்லை. எனக்குப் போன் செய்தாள்.

“டேய், ஆறு நிமிஷம்னு எழுதியிருக்கீங்களே, யாராவது நடந்து பார்த்தீங்களா, இல்ல நாற்காலியில உக்காந்தே நடந்தீங்களா?”

“நானே நடந்தேன்கா.”

“மேடு இருக்கா? நான் அந்தப் பக்கமே போனதில்ல. டாக்டர் மேடு ஏறக் கூடாதுன்னாரே. நீயும்தானே கூட இருந்தே.”

இருந்தேன். ஸ்கேன் படத்தில் அவளுடைய இதயத்தின் எந்தப் பக்கம் வேலை செய்யவில்லை என்று டாக்டர் பேனாவால் காட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“லேசான சரிவுதான்கா. தெரியவே தெரியாது.”

அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவிடம் சொன்னால் தெருவுக்கே தண்டோரா போட்டதுபோல என்று நினைத்தேன். அவள் வாயில் எதுவும் தங்காது என்பது எங்கள் வீட்டில் பழைய கேலி.

பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் பிறகு சொன்னார். “உன் தம்பி பறந்து போய் அளந்தானாம்மா?” என்று அவர் கிண்டல் செய்வாராம். “அவனுக்குப் பொய் வராது. சொன்னா காது சிவந்துடும்” என்பாளாம் அக்கா. போனில் காது தெரியாது.

பத்தொன்பது நாள் ஏறினாள். இருபதாம் நாள் காலை, முக்கால் மேட்டில் ஒரு வீட்டு மதிலோரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கடைச்சாவி கையிலேயே இருந்ததாம்.

அவள் போன நான்காம் நாள் வேலைக்குப் போனேன். தபால் கட்டு மேசையில் இருந்தது. ஒரு கடிதத்தில் ‘மைதானம்’ என்ற சொல் கண்ணில் பட்டதுமே மூலையில் ஐந்து என்று போட்டுவிட்டேன். அப்புறம்தான் கையெழுத்தைப் பார்த்தேன்.

‘தம்பி, நீ எங்கேயோ தப்பாக அளந்திருக்கிறாய். எனக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆகிறது. நாலு இடத்தில் உட்காருகிறேன். போனில் சொன்னால் சங்கடப்படுவாய் என்று எழுதுகிறேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. உன் வேலைக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது. கூட்டத்துக்கு முன்னால் நீயே மாற்றிவிடு.’

ஐந்தை அழித்தேன். கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றவில்லை.

பொதுக்கூட்டத்தில் கூட்டம் நிறைய. பூட்டுக்காரர் எழுந்தார். பேசிப் பழக்கமில்லாதவர், கையில் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அந்தம்மா அந்த மேட்டுலதான் போனாங்க. எனக்குப் புள்ளிவிவரம் எல்லாம் தெரியாது. தம்பி இங்க இருக்கார், அவரே சொல்லட்டும். அவர் சொன்னா நான் உக்காந்துடறேன். அந்த ஆறு நிமிஷம் நெஜமா? அக்கா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?”

மேலதிகாரி என்னைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கட்டணம் அன்றே செத்திருக்கும். அந்த மேட்டில் இன்று ஏறிக்கொண்டிருக்கும் வயதானவர்கள் ஏற வேண்டியிருந்திருக்காது.

“நிஜம்தாங்க” என்றேன். “அக்காவுக்கு ரொம்ப நாளாவே இதயக் கோளாறு. எங்க இருந்திருந்தாலும் நடந்திருக்கும். அந்த வழியப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல.”

என் குரல் கொஞ்சம் உடைந்தது. நடிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க தம்பி, உங்க துக்கத்தைக் கிளறிட்டேன்” என்று பூட்டுக்காரர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் எழவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

துக்கத்தில் வாய் தவறியது என்று இத்தனை நாள் என்னிடமே சொல்லிவந்தேன். அப்படியில்லை. அக்காவின் கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை என்பதை அன்று காலை இன்னொருமுறை படித்து உறுதி செய்துகொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன்.