புள்ளி வைத்த எழுத்து

மாலை சான் ஹோசே ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு புள்ளியால என் வேலையே போயிருக்கும், ரேவதி," என்றாள் ஒருத்தி. கிரீன் கார்டு வந்த பிறகு கிடைத்த முதல் வேலையாம். கனடாவின் வடகோடியில் இனுயிட் மக்கள் எழுதும் இனுக்டிடுட் எழுத்துருவைச் சரிபார்க்க வேண்டும்.

"ஒரே வடிவம்தான். இடது பக்கம் திருப்பினா ப, வலது பக்கம் திருப்பினா பு. சிலதுக்கு மேல புள்ளி. நம்ம 'ப்' மாதிரின்னு நெனச்சு, புள்ளி வச்சதெல்லாம் தப்புன்னு ரிப்போர்ட் பண்ணிட்டேன்."

"ஐயோ பானு! அப்புறம்?"

"அங்க புள்ளி வச்சா நெடிலாம். செக் பண்ற அந்த ஊர் லேடிக்கு சாரி சொல்லி, நம்ம புள்ளி கதையை மெயில் பண்ணேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். என் பேரை அவங்க எழுத்துல எழுதி அனுப்பியிருக்காங்க. கான்ட்ராக்டும் எக்ஸ்டெண்ட் ஆயிடுச்சு."

அந்தப் பெயரை அச்செடுத்த தாளை பானு மடியில் விரித்தாள். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே மவுண்டன் வியூ வந்து போய்விட்டது.

"பானு, உன் ஸ்டேஷன்!"

"போகட்டும் விடு. இன்னைக்கு அவர்தான் சமையல்."