ரத்தினபாயிடம் கொடுக்காத சீட்டு

என் பெயர் மெட்டில்டா, வயது 27, தகப்பனார் பெயர் எலியேசர். மேற்குத் தாம்பரத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் தட்சிணாமூர்த்தி என்பவர் நடத்தும் கமான் பட்டைக் கடையில் ஆறு வருடமாக எழுத்து வேலை பார்க்கிறேன். வண்டிகளின் பின்பாரத்தைத் தாங்கும் பட்டைகளை மாற்றுவதும், கூடுதல் பட்டை சேர்ப்பதும் அங்கே தொழில்.

10.3.1994 அன்று காலை, முடிச்சூரில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் ரத்தினபாய் தன் பிக்கப் வண்டியுடன் வந்தார். ஜெனரேட்டர் தள்ளுவண்டியை மாட்டினால் பிக்கப்பின் பின்பக்கம் தரை தட்டுகிறது என்றார். அது அவர் மூன்றாம் முறை வந்தது. மற்றவர்கள் டிரைவரை அனுப்புவார்கள்; இவர் தானே வருவார். "மூர்த்தி, வண்டிக்கும் இடுப்பு வுட்டுப்போச்சு, எனக்கும் வுட்டுப்போச்சு. ரெண்டு பேருக்கும் சேத்துப் பட்டை போட்டுடு" என்றார். "உங்களுக்கு யூ போல்ட் சைஸ் கிடைக்காதுக்கா" என்று சொல்லிவிட்டு தட்சிணாமூர்த்தி சிரித்தார். ஆறு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் அவரை இன்றுவரை சார் என்றுதான் கூப்பிடுகிறேன்.

அதன் பிறகு பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்த்து, அவற்றை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டார்கள். புதுப் பட்டை முதல் பாரத்தில் படிந்துவிடும், போல்ட் தளரும். ஆகவே மறுநாள் வண்டியைக் கொண்டுவந்து இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று நான் சீட்டு எழுதிக் கொடுத்து, வாயாலும் சொல்வது கடை வழக்கம். அன்று சீட்டை அவரே எழுதி என்னிடம் தந்து, ரத்தினபாயிடம் கொடுக்கச் சொன்னார். நான் கொடுக்கவில்லை, சொல்லவும் இல்லை. அந்த அம்மாள் மறுநாளும் வருவதை நான் விரும்பவில்லை.

அன்று மாலை, "மெட்டில்டா, அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன் சார்" என்றேன். மறுநாள் மதியம் வரை வேறு வண்டி எதையும் ஏற்றாமல் வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழியைக் காலியாக வைத்திருந்தார். அதைப் பார்த்தபோதாவது சொல்லியிருக்கலாம். பார்க்கப் பார்க்க, சொல்லக் கூடாது என்றே தோன்றியது.

அதன் பிறகு 13.3.1994 பகலில், சிங்கப்பெருமாள் கோவில் அருகே, ஜெனரேட்டரை இழுத்துச் சென்ற அந்த வண்டியின் பின்அச்சு ஒருபக்கம் நழுவி, வண்டி புளியமரத்தில் மோதியது. ரத்தினபாயின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. போல்ட்டுகள் தளர்ந்திருந்ததால் தட்சிணாமூர்த்தியைக் கைது செய்தார்கள். இறுக்க வரச் சொல்லத் தானே மறந்ததாக அவர் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அது உண்மையல்ல. யாரை நினைத்து அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

அந்தச் சீட்டை நான் படித்துக்கொண்டிருந்த நூலகப் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருந்தேன். இப்போது ஒப்படைக்கிறேன். "நாளைக்கு அவசியம் வரவும். நானே இறுக்கித் தருகிறேன்" என்று இருப்பது அவர் கையெழுத்து. ஆறு வருடத்தில் அவர் கையால் எழுதிய சீட்டு இது ஒன்றுதான். காவல் ஆய்வாளர் கேட்டுக்கொண்டபடி அவர் எழுதியதற்குக் கீழே என் பெயரை எழுதிக் கையொப்பமிட்டேன்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாருடைய கட்டாயமும் இல்லாமல் நான் சொன்னது இது. இதில் மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை.

(ஒப்பம்)
எ. மெட்டில்டா
15.3.1994