தண்ணீர் இல்லாத ஓடை

என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் தலைவர் வியாகுலம் ஐயா அவர்களே! கச்சிராயபாளையத்துப் பெரியோர்களே! கரும்புக் கொல்லையிலிருந்து நேராக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

'பொதுச் சொற்பொருளியல்' பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கடலுக்கப்பால் எழுந்த தத்துவம். சொல் வேறு, பொருள் வேறு. வரைபடம் வேறு, நிலம் வேறு என்றது. பொய்யா? இல்லை! 'மக்கு' என்று பள்ளியே முத்திரை குத்திய என் மாணவி சந்தியாவை, அந்தச் சொல்லை விலக்கிவிட்டுப் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தது அதுதான். இன்று நர்ஸாகி, நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அவள்தான் தடுப்பூசி போடுகிறாள்.

அந்த மயக்கத்தில்தான் போன தை மாதம் இதே மேடையில் முழங்கினேன்: "வரைபடம் நிலமல்ல! காகிதத்துக்கு அஞ்சாதீர்!" கை தட்டினீர்களே, நினைவிருக்கிறதா? ஆமாம் தம்பி, நானும் குளிர்ந்துபோய்த்தான் நின்றேன்.

அன்று கை தட்டியவர் பச்சையம்மாள். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவருடைய மரவள்ளிக் கொல்லை அரசாங்க வரைபடத்தில் 'ஓடை'. அந்த ஓடை திசைமாறிப் போய் நாற்பது வருஷம்! 'ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளில் பதில் தருக' என்று நோட்டீஸ் வந்தது. அவர் பதில் தரவில்லை. பதினாறாம் நாள் பொக்லைன் வந்தது. பாதிக் கொல்லை போயிற்று. "ஏம்மா பதில் எழுதலை?" என்று பதறினேன்.

"இன்னாங்க ஐயா இப்டி கேக்கறீங்க? மேப்பு வேற, நெலம் வேறன்னு நீங்கதான சொன்னீங்க! அத்த நம்பித்தான் கம்முனு குந்திக்கினு இருந்தேங்க."

அவையோரே! பொக்லைனோடு வந்த அதிகாரியிடம் கேட்டேன், தண்ணீர் எங்கே ஐயா? "மேப்பில் இருக்கிறது" என்றார். சிரிக்காதீர்கள்! சொல் பொருளல்ல, சரி. சொல்லுக்கு அடியில் சீல் விழுந்தால்? சொல்லுக்குப் பின்னால் பொக்லைன் வந்தால்? வரைபடத்தை நிலமென்று நம்பாதே என்று நமக்குச் சொன்ன தத்துவம், அப்படி நம்புகிறவன் கையில் அதிகாரம் இருந்தால் நாம் என்ன செய்வதென்று சொல்லவில்லை. அதை நானும் சொல்லவில்லை. வெட்கப்படுகிறேன்.

பச்சையம்மாள் அவர்களே, என்னை மன்னியுங்கள். மிச்சப் பாதி இன்னும் பச்சையாக நிற்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு நாள். மனுவை நான் எழுதிவிட்டேன். 'ஓடை' என்ற அந்த ஒரு சொல்லை அவர்கள் அடித்து நீக்கும்வரை, அலுவலக வாசலை விட்டு நான் நகரமாட்டேன்!

நன்றி, வணக்கம். இவையும் வெறும் சொற்கள்தான். திங்கட்கிழமை நீங்கள் வந்து என் பக்கத்தில் நின்றால், அன்றைக்கு இவற்றுக்குப் பொருள் வரும்.