சட்டைக்குப் பழகிய பாம்பு

என் பெயர் பசுபதி, வயது நாற்பத்திரண்டு. டெக்சாஸ் மாநிலம் கேட்டியில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். எண்ணெய் நிறுவனமொன்றில் பொறியாளர். ஆங்கிலம் எனக்கு நன்றாகவே வரும்; வீட்டில் பேசியது தமிழ் என்பதால் இந்தப் போலீஸ் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் தமிழிலேயே சொல்கிறேன். வலது கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறது.

சென்ற கோடையில் ஒரு மலைப்பாம்பு வாங்கினேன். விஷமில்லாத ஜாதி, ஆனால் கண்ணாடிக்கு வெளியே நிழல் ஆடினாலே பாயும். அதைப் பழக்க, நாம் உடுத்திக் கழற்றிய சட்டையைக் கூண்டில் போட்டு வைக்க வேண்டும். நம் வாசனை அதற்குப் பழகிவிடும். அடிக்கடி கையிலும் எடுக்க வேண்டும். கடித்தாலும் கையை இழுக்கக் கூடாது. இழுத்தால், 'கடித்தால் விட்டுவிடுவார்கள்' என்று பாம்பு கற்றுக்கொள்ளும். எனக்கு ஆபீஸ் இருக்கிறது. ஆகவே என் சட்டையைக் கூண்டில் போடுவது, பாம்பை எடுப்பது எல்லாவற்றையும் என் மனைவி அஞ்சனாவிடம் ஒப்படைத்தேன். வேலைக்குப் போக முடியாத விசா அவளுக்கு, வீட்டில் சும்மாதான் இருந்தாள்.

முதல் நாளே மணிக்கட்டில் கவ்வியது. அலறினாள். "கைய இழுக்காத. பழகட்டும்" என்றேன். கையுறை கேட்டாள், கொடுக்கவில்லை. அதன் பிறகு அவள் அழுவதை வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். பாம்பை நான் 'செல்லம்' என்று கூப்பிடுவது வழக்கம். ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டபோது, தன்னைத்தான் என்று நினைத்து அஞ்சனா திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இது குற்றமா என்று தெரியவில்லை.

பாம்புக்கு உணவு, ஃப்ரீசரில் வைத்த எலி. நாங்கள் சைவக் குடும்பம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை, ஆகவே நான் எலியைத் தொடுவதில்லை. அஞ்சனாதான் வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, துடைத்துக் கொடுப்பாள். சமையலறைத் துணி எதிலும் எலி படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

அதன் பிறகு அவள், "நான் ஊருக்கே போயிடறேன், பாஸ்போர்ட்ட குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தாள். பாஸ்போர்ட் என் அலமாரியில் பூட்டியிருந்தது. பாம்பு முழுதாகப் பழகட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன்.

கடந்த சனிக்கிழமை பாம்பு அவள் தோளில் சாதுவாகக் கிடப்பதைப் பார்த்தேன். சரி, பழகிவிட்டது, இனி நான் எடுக்கலாம் என்று அவளிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, கையில் வாங்கி முகத்தருகே கொண்டுபோனேன். உடனே கண்ணோடு சேர்த்துக் கன்னத்தைக் கவ்வி, கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. நான் தரையில் விழுந்து, பிடித்து இழுக்கச் சொல்லிக் கத்தினேன். அஞ்சனா போனை இறக்கவில்லை.

"இழுக்காதீங்க. பழகட்டும்" என்றாள். அதன் பிறகு, "அலமாரி சாவி எங்கங்க?" என்று கேட்டாள். பேண்ட் பையைக் கையால் காட்டினேன். சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் பாஸ்போர்ட் இருந்தது. பிறகுதான் 911-ஐ அழைத்தாள். வால் பக்கமிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். வாயை விடுவித்ததும் பாம்பு அவள் கையைச் சுற்றிக்கொண்டு அடங்கிவிட்டது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள், என்னை மட்டும் ஏன் கடித்தது என்று கேட்டேன். "கிச்சன் துணில எலி படக் கூடாதுன்னீங்க. உங்க சட்ட எப்படியும் கூண்டுக்குள்ளதான போகுதுன்னு, எலிய அதுலயே துடைச்சுப் போட்டேன்" என்றாள். அவள் அப்போது சிரித்தாள் என்று முதல் விசாரணையில் சொன்னேன். சிரிக்கவில்லை. அதைத் திருத்திக்கொள்கிறேன்.

வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்கிறார்கள். அவள் ஊருக்குப் போய்விட்டாள். நான் சொன்ன இவை அனைத்தும் உண்மை. ஒரு கண்ணில் கட்டோடு வாசிக்கச் சிரமமாக இருப்பதால், மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்ட, சரியென்று கேட்டுக் கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) பசுபதி