'நிலவறை'யைக் கைப்பேசியில் கேட்டவர்கள்

மேடையில் வீற்றிருக்கும் இசைச் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, தேர்வுக் குழுவினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்கா அவர்களே, இருக்கை கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் இசைக்குழுத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் உறுமலார் மறைந்துவிட்டார். எங்கள் இசைக்குழுவில் எனக்குப் பின்னால் நின்று டபுள் பேஸ் வாசித்தவர். நான் வயலின்காரன். அந்த ஆளுயர வாத்தியத்தின் உறுமலைப் பல ஆண்டுகள் முதுகில் வாங்கியவன். 'உறுமலார்' என்பது பத்திரிகைக்காரர்கள் கேலியாக வைத்த பெயர். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் அவர் அதையே பலகையில் எழுதி வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டார்.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். 'புதுமை இசையின் தந்தை' என்று போட்டிருக்கிறீர்கள். போன மாதம் இதே சங்கம் அவரை என்னவென்று எழுதியது? சபையை ஏமாற்றுபவர் என்று எழுதியது. ஒரே மாதத்தில் ஏமாற்றுக்காரர் எப்படித் தந்தையானார்? அதற்குச் செத்துப்போனால் போதுமா?

நடந்தது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆண்டு விழாவுக்காக அண்ணன் தன் புதிய படைப்பைப் பதிவுசெய்து கொடுத்தார். பெயர் 'நிலவறை'. அதன் முதல் பகுதி முழுவதும் மிகக் கீழான சுருதியில் நகர்வது. தேர்வுக் குழு அதை 'ஒலியே இல்லாத வெற்றுப் பதிவு, சபையை ஏமாற்றும் வேலை' என்று எழுதி நிராகரித்தது. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செயலாளரிடமே போய்க் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"கார்ல வரும்போதே கேட்டு முடிச்சுட்டோம் சார். போன்ல போட்டுவிட்டோம். ஒண்ணுமே வரலை. முதல் பகுதியோட நிறுத்திட்டோம்."

போனில் எப்படி ஐயா வரும்? விரல் நகத்தளவு ஒலிபெருக்கியில் டபுள் பேஸின் அடிச்சுருதி எங்கிருந்து வரும்? அதுவும் ஓடுகிற காரில். பாட்டு இல்லாமல் போகவில்லை. கேட்டவர்கள்தான் அங்கே இல்லை. ஒரு மனிதனின் மூன்றாண்டு உழைப்புக்கு ஒரு நல்ல ஒலிபெருக்கியும் ஒரு மூடிய அறையும் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லையே!

அண்ணன் செய்ததெல்லாம் எனக்குப் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர் மோட்டாரோடு சேர்ந்து ஒன்று வாசித்தாரே, அதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, எனக்குத் தலைவலிக்குது" என்றேன்.

"முழுசாக் கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்."

"அப்போ சரி. தாராளமா வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

அவர் எதிர்பார்த்தது பாராட்டை அல்ல. முன்வரிசையில் இருக்கும் அவருடைய அக்காவைக் கேளுங்கள். ஒரு காலத்தில் மேடையேறிப் பாடியவர். காது கேட்காமல் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. 'நிலவறை'யை முதலில் கேட்டவர் அவர்தான். பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு கடைசி வரை அசையாமல் இருந்தார். நானும் கூட இருந்தேன். முடிந்ததும் தம்பியைப் பார்த்து, "நடுவுல ரொம்ப இழுத்துட்டடா. வெட்டு" என்றார். அண்ணனுக்கு அன்று வந்த சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன். மறுநாளே உட்கார்ந்து நடுப்பகுதியை வெட்டினார். அதற்குப் பெயர் விமர்சனம். நீங்கள் எழுதியதற்கு என்ன பெயர்?

நல்ல அறையில் ஒருமுறை கேளுங்கள் என்று சங்கத்துக்கு இரண்டு தடவை எழுதிப் பார்த்தார். பதில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "கேட்டாங்களாடா?" என்றுதான் என்னை விசாரித்தார்.

இப்போது அவர் நினைவாக ஆண்டு விழாவில் அவருடைய பாட்டு ஒன்றை ஒலிக்கச் செய்வோம் என்று தலைவர் அறிவித்தார். எதை? இளவயதில் வீட்டு வாடகைக்காக அவர் போட்டுக் கொடுத்த சோப்பு விளம்பரப் பாட்டை. அவரை ஒருமுறை அடக்கம் செய்தது போதாதா?

இசைக்குழுவின் சார்பில் உறுதியாகச் சொல்கிறேன். விழாவில் 'நிலவறை' முழுதாக ஒலிக்கும். இல்லையென்றால் எங்களில் ஒருவரும் மேடையேற மாட்டோம். சம்பளம் போனால் போகட்டும். பேசி முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி. தலைவர் மன்னிக்க வேண்டும். அவருக்கு உங்கள் மௌனம் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது. கதவுகளைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன். 'நிலவறை'யை மண்டபத்தின் பெரிய ஒலிபெருக்கிகளில் இணைத்தாயிற்று. செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தரையில் வையுங்கள். முதலில் காலுக்குத்தான் வரும். முடியும் வரை யாரும் எழுந்திருக்க வேண்டாம். முடிந்தபின் பிடிக்கவில்லை என்று இதே ஒலிவாங்கியில் வந்து சொல்லுங்கள். அண்ணன் சார்பில் நானே கைகட்டி நின்று கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வுக் குழுவினரே, போனை அணைத்துவிடுங்கள். ஆரம்பிக்கிறது.