ஆடாத ஊசி

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் ஐயா, அதிர்வுதான் எனக்கு ஆகாது. வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கண்டால் விலகி ஓடுகிறவை. ஆனால் இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த சில படிகங்களைக் கடுங்குளிரில் வைத்தால், அவை ஜோடி சேர்ந்துகொண்டு, துளித் தடையும் இல்லாமல் மின்சாரத்தைக் கொண்டுபோகின்றன. எது அவற்றைச் சேர்த்துவைக்கிறது? பதினெட்டு வருடமாக எனக்கு இந்த ஒரே கேள்விதான். விடை வேண்டுமென்றால் படிகத்தின் மேல் ஓர் ஊசிமுனையை அணுவளவு உயரத்தில், ஆறேழு நாள், ஆடாமல் நிறுத்த வேண்டும்.

பக்கத்து அறையில் படிகம் வளர்த்தவன் என் தம்பி. கூடப் பிறந்தவன். வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். அவன் கைக்கு வருவதுபோல் படிகம் வேறு யாருக்கும் வராது. உலையில் வெந்த குழாயைப் படிகம் எடுக்க அவன் உடைக்கும்போது ஆர்சனிக் நஞ்சு கிளம்பும். அதை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு விசிறி உண்டு. அது ஓடினால் சுவர் வழியாக என் ஊசி ஆடும். இடத்தை மாற்றித் தரச் சொல்லி நிர்வாகத்துக்கு நான்கு முறை எழுதினேன். இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். இதே கேள்வியோடு இன்னொரு குழு எங்களை நெருங்கிக்கொண்டிருந்தது.

விசிறியை நிறுத்தினேன். அதன் பச்சை விளக்கு மட்டும் எரிகிற மாதிரி வயரை மாற்றிவைத்தேன்.

ஒருநாள் கதவருகே தலையை நீட்டினான்.

"அக்கா, ஃபேன் ஓடுதா? சத்தமே காணோம்."

"புது மோட்டார்டா. லைட் எரியுதுல்ல? போய் வேலையப் பாரு."

"நீ சொன்னா சரிதான்."

போய்விட்டான். பதினோரு மாதம் அப்படியே நடந்தது. பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் வருகிற நாட்களில் மட்டும் விசிறியை ஓடவிட்டேன்.

அவன் உள்ளங்கை தடித்தது. விரல் மரத்துப்போகிறது என்றான். சர்க்கரையாக இருக்கும் என்றேன். டாக்டரிடம் ஆர்சனிக் பேச்சை எடுக்காதே, வேலைக்கு வில்லங்கம் என்றும் சொல்லிவைத்தேன். கேட்டுக்கொண்டான். சட்டைப் பொத்தான் போட முடியாமல் அவன் திணறிய வாரத்தில்தான் ஊசி வழியாக எனக்கு அந்தப் படம் கிடைத்தது. ஜோடிகள் எப்படிச் சேர்கின்றன என்று கோடு கோடாகத் தெரிந்தது. அடுத்த மூன்றாம் மாதம் அவன் இறந்துபோனான்.

வருத்தமா என்று கேட்டீர்கள். இல்லை. அந்தப் படம் நாளை பாடப்புத்தகத்தில் ஏறும். நீங்கள் எழுதுகிற தாள் ஏதாவது அலமாரியில் தூசி தின்னும். என்னைக் குற்றவாளி என்று எழுதுங்கள், மறுக்கவில்லை. மறுபடி வாய்ப்புக் கிடைத்தாலும் விசிறியை நிறுத்துவேன்.

வயர் விஷயம் வெளிவந்த அன்று தம்பி மனைவி என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி?"

கேட்டிருந்தால் அவன் சரியென்றுதான் சொல்லியிருப்பான் ஐயா. அவனை எனக்குத் தெரியாதா? அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அதனால்தான் நான் கேட்கவே இல்லை.